முத்துக் கடற்கரையில் ஒரு செவிலித்தாய்



தூத்துக்குடி என்றதும் வெளியூர்க்காரர்கள் கேட்பது மூன்றே விஷயங்கள்தான். முத்து, உப்பு, வ.உ.சி. கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் நாலாவதாகப் பனிமய மாதா கோயிலைச் சொல்வார்கள். மக்ரூனை மறந்துவிட்டேன் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம், அது ஐந்தாவது! இந்த வரிசையில் வராத ஒரு பெண்மணியைப் பற்றி எழுத ஆசைப்படுகிறேன். அவர் கப்பலும் ஓட்டவில்லை, முத்தும் குளிக்கவில்லை. பிறந்தது அயர்லாந்து. மண்ணோடு மண்ணானது நம் பக்கத்துச் செம்மண்ணில். பெயர் ஏமி கார்மைக்கேல். தோனாவூர் அம்மா என்றால் திருநெல்வேலிச் சீமையில் வயதானவர்கள் பலருக்குத் தெரியும். ஆனால் அவருடைய வாழ்க்கையின் திருப்பம் தோனாவூரில் நிகழவில்லை, இன்றைய தூத்துக்குடி மாவட்டத்துக்குள் இருக்கும் பண்ணைவிளையில்தான் நிகழ்ந்தது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

செவிலி என்றால் யார்?

இன்று ‘செவிலியர்’ என்றால் வெள்ளை உடுப்புப் போட்ட நர்ஸ் என்று பொருள் கொள்கிறோம். ஆனால் பழந்தமிழில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள். பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலித்தாய். அகப்பாடல்களில் தலைவி வீட்டை விட்டுப் போனதும் தவித்துப் புலம்புவதில் செவிலிக்கும் பெரிய பங்கு உண்டு. தொல்காப்பியத்திலேயே அவளுக்குத் தனி இடம் இருக்கிறது. பிற்காலத்தில் ஆங்கில ‘நர்ஸ்’ என்ற சொல்லுக்குத் தமிழ் தேடியவர்கள் இந்தப் பழைய சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். ஆங்கிலத்திலும் குழந்தையை வளர்ப்பவளுக்கும் நோயாளியைப் பார்ப்பவளுக்கும் ஒரே சொல்தான் என்பதால் அது நன்றாகப் பொருந்திவிட்டது.

கார்மைக்கேல் அம்மையார் பட்டம் வாங்கிய நர்ஸ் அல்ல. ஆனால் இந்தச் சொல்லின் இரண்டு பொருளையும் ஒரே வாழ்க்கையில் வாழ்ந்து காட்டியவர். அவரோடு சேர்ந்து வாழ்ந்து காட்டிய நம் ஊர்ப் பெண்கள் சிலரும் உண்டு. அவர்களைப் பற்றியும் சொல்லத்தான் போகிறேன்.

அயர்லாந்திலிருந்து இரண்டு பேர்

1867 டிசம்பர் 16 அன்று வட அயர்லாந்தின் டவுன் கவுண்டியில், மில்ஐல் என்ற கடலோரச் சிற்றூரில் ஏமி பிறந்தார். ஏழு பிள்ளைகளில் மூத்தவர். தகப்பனாருக்கு மாவு ஆலைத் தொழில். குடும்பம் பிரஸ்பிட்டேரியன் சபையைச் சேர்ந்தது. இந்தப் பெயர் நம் பக்கத்தில் அவ்வளவாகப் பழக்கமில்லை. பேராயர் (பிஷப்) இல்லாமல், சபையார் தேர்ந்தெடுக்கும் மூப்பர்கள் கூடி நிர்வாகம் செய்யும் சபை அது. ஸ்காட்லாந்தில் வேரூன்றி, அங்கிருந்து குடியேறியவர்களோடு வட அயர்லாந்துக்கு வந்தது. கட்டுப்பாடும் உழைப்பும் படிப்பும் அவர்களுக்கு மூன்று கண்கள் மாதிரி.

இங்கே ஒரு ஒற்றுமையைப் பாருங்கள். 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதி உலகத்தையே தமிழ்ப் பக்கம் திரும்பிப் பார்க்க வைத்த கால்டுவெல் ஐயரும் அயர்லாந்தில் பிறந்தவர்தான். 1814-ல், ஸ்காட்லாந்துப் பிரஸ்பிட்டேரியன் பெற்றோருக்குப் பிறந்தவர். இடையன்குடியில் இருந்துகொண்டு கொற்கை வரை மண்ணைத் தோண்டிப் பார்த்தவர். தூத்துக்குடியில் கல்லூரி நடத்தியவர். அவரும் ஏமியும் பிறந்தது பிரஸ்பிட்டேரியன் வீட்டில், இங்கே வேலை செய்தது ஆங்கிலிக்கன் சங்கங்களின் வழியாக. ஒருவர் நம் மொழியின் வேரைத் தேடினார், இன்னொருவர் நம் பிள்ளைகளின் அழுகையைக் கேட்டார்.

ஏமிக்குப் பதினேழு வயதில் தகப்பனார் இறந்தார். பெல்ஃபாஸ்ட் நகரத்தில் மில் வேலைக்குப் போகும் ஏழைப் பெண்களுக்குத் தொப்பி வாங்கக்கூடக் காசில்லை. தலையில் சால்வையைப் போர்த்திக்கொண்டு போவார்கள். அவர்கள் தேவாலயத்தில் வந்து உட்காருவதைப் பெரிய மனுசங்க விரும்பவில்லை. இருபத்தொரு வயதுப் பெண்ணான ஏமி அவர்களுக்காகவே 1889-ல் ஐந்நூறு பேர் உட்காரும் தகரக் கொட்டகை ஒன்று எழும்பக் காரணமாக இருந்தார். ஒதுக்கப்பட்டவர்களுக்கு ஒரு கூரை போடுவது என்ற வேலை அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

உடம்பு அவருக்கு ஒத்துழைக்கவே இல்லை. சீனாவுக்குப் போக விண்ணப்பித்தார், உடல்நிலையைக் காட்டி மறுத்துவிட்டார்கள். 1893-ல் ஜப்பான் போனார், நரம்பு வலியால் நிலைக்க முடியவில்லை. இலங்கைக்கு வந்தார், அங்கிருந்தும் ஊர் திரும்பினார். கடைசியில் 1895 நவம்பரில் சென்னையில் வந்து இறங்கி, பெங்களூரில் வேலையைத் தொடங்கினார். மறு வருடம் டிசம்பரில் திருநெல்வேலிக்கு வந்தார். அதன்பிறகு 1951-ல் சாகும்வரை ஒரு தடவைகூடச் சொந்த ஊருக்கு விடுமுறையில் போகவில்லை. ஐம்பத்தைந்து வருடம்! வளைகுடாவில் இரண்டு வருட கான்ட்ராக்ட் முடிவதற்குள் ஊர் ஏக்கம் வந்துவிடும் நமக்கு இந்தக் கணக்கு புரியும்.

அன்றைய நம் கடற்கரை

அவர் வந்தபோது நம் பக்கம் எப்படி இருந்தது? 1876-லேயே ரயில் வந்துவிட்டது. கொழும்புக்குப் போகிறவர்கள் தூத்துக்குடிக்கு ரயிலில் வந்து கப்பல் ஏறிய காலம். 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகுதான் அந்தப் போக்குவரத்து தனுஷ்கோடிப் பக்கம் திரும்பியது. பரதவர்கள் சங்கு குளித்தார்கள், வாய்த்த வருடங்களில் முத்தும் குளித்தார்கள். முத்துக்குளிப்பில் ஒரு வழக்கம் உண்டு, பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். தோணியில் இருந்து கயிறு பிடிப்பவன் மச்சான் உறவாக இருக்கவேண்டும். தங்கச்சி தாலியை நினைத்தாவது கயிற்றை விடமாட்டான் என்ற கணக்கு. முத்தை எடுப்பவன் பெயர் வெளியே தெரியும், கயிறு பிடித்தவன் பெயர் தெரியாது. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வைத்தியம்? நாசரேத்தில் 1870-ல் டாக்டர் ஸ்ட்ராச்சன் தொடங்கிய மிஷன் வைத்திய வேலை இருந்தது. மலைக்கு அந்தப் பக்கம், அன்றைய திருவிதாங்கூரில், நெய்யூர் மருத்துவமனை இருந்தது. மற்றபடி நாட்டு வைத்தியரும் மருத்துவச்சிப் பாட்டியும்தான். காலரா வந்தால் ஊரே காலி. தாய் இறந்துபோன கைக்குழந்தை பிழைப்பது அபூர்வம்.

பண்ணைவிளைக்கு வந்த சிறுமி

ஏமி, தாமஸ் வாக்கர் என்ற மிஷனெரியிடம் தமிழ் கற்றுக்கொண்டு, பண்ணைவிளையில் தங்கி, உள்ளூர்ப் பெண்கள் சிலரோடு மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் போனார். புடவை கட்டினார். அந்தப் பெண்கள் குழுவில் முக்கியமானவர் பொன்னம்மாள். இளம் வயதிலேயே விதவையானவர். விதவைகள் வாசலுக்குக்கூட வரக்கூடாது என்றிருந்த காலத்தில் அவர் வண்டியேறி ஊர் ஊராகப் போனதே பெரிய செய்தி.

1901 மார்ச் 6 இரவு. பக்கத்து ஊரான பெருங்குளத்திலிருந்து ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பி, பண்ணைவிளைக்கு வந்து சேர்ந்தாள். கோயிலுக்குப் பொட்டுக் கட்டுவதற்காக ஒப்படைக்கப்பட்ட பிள்ளை. தேவாலயத்தருகே அவளைக் கண்ட ஒரு பெண்மணி, மறுநாள் காலை ஏமியிடம் கூட்டிவந்தார். ப்ரீனா என்ற அந்தப் பெயருக்கு ‘முத்துக்கண்’ என்று பொருள் சொல்லி ஏமி தம் நூல்களில் எழுதினார்.

இந்தக் கதையில் நம் ஊருக்கு ஒரு பங்கு உண்டு, அது பெருமையான பங்கு அல்ல. இதற்கு முன்பே ஒருமுறை அந்தப் பிள்ளை தப்பியிருக்கிறாள். ஏறக்குறைய இருபது மைல் நடந்து, தூத்துக்குடியில் இருந்த தன் தாயிடம் வந்திருக்கிறாள். தேடி வந்தவர்களிடம் தாயே அவளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். தண்டனையாக அந்தச் சின்னக் கைகளில் சூடு வைத்தார்கள். அந்தத் தாயைக் கல்நெஞ்சக்காரி என்று ஒரு வரியில் திட்டிவிட்டுப் போவது சுலபம். தெய்வ கோபம் வரும் என்ற பயமும், ஊர் வாயும், வறுமையும் சேர்ந்து ஒரு பெண்ணை எந்த மூலைக்குத் தள்ளும் என்று யோசித்தால் அந்தச் சூடு யார் யார் கையால் வைக்கப்பட்டது என்பது புரியும்.

அந்த ஒரு சிறுமிக்குப் பிறகு ஏமியின் வழி மாறிப்போனது. பிள்ளை என்றால் கால்கட்டு என்று நம் பக்கம் சொல்வார்கள். ஊர் ஊராகச் சுற்றிய கால்கள் கட்டுண்டன. பிரசங்கம் செய்ய வந்தவர் ஆயா வேலை பார்க்கிறாரே என்று முகம் சுளித்தவர்களும் இருந்தார்கள். அவர் தோனாவூரில் நிலைத்தார். களக்காட்டு மலையடிவாரத்து ஊர் அது. ரேனியஸ் ஐயருக்குப் பண உதவி செய்த தோனா என்ற ஜெர்மானியப் பிரபுவின் பெயரால் அமைந்தது.

தொட்டில்களும் கல்லறைகளும்

1904-ல் முதல் கைக்குழந்தை வந்தது. பிறகு வரிசையாக வந்தன. பேச நடக்கத் தெரிந்த பிள்ளைக்குச் சோறு போட்டு வளர்க்கலாம். பிறந்து பத்து நாளான சிசுவை என்ன செய்வது? தாய்ப்பால் கிடையாது. பால்பவுடர் டப்பா தெருக்கடையில் கிடைக்கும் காலமும் அல்ல. மாட்டுப்பால் கைக்குழந்தைக்கு ஒத்துக்கொள்ளாது. பாத்திரம் கொஞ்சம் சுத்தம் குறைந்தாலும் வயிற்றுப்போக்குதான். அருகில் டாக்டர் இல்லை.

அதனால் மருத்துவமனை பக்கத்தில் இருக்கட்டும் என்று நெய்யூரில் ஒரு சிசு இல்லம் தொடங்கினார்கள். அதை நடத்தியது வெள்ளைக்கார அம்மா அல்ல, நம் பொன்னம்மாள். பால் அளவு, கொதிநீர், இரவு விழிப்பு, காய்ச்சல் கணக்கு எல்லாவற்றையும் டாக்டர்களிடம் கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்டார். எந்த நர்சிங் பள்ளியிலும் படிக்கவில்லை. அங்கேயும் ஒரு சமயம் சீதபேதி பரவி, பத்துக் குழந்தைகள் இறந்தன. பத்துச் சிறு குழிகள்! ராத்திரி பகலாகக் கண்விழித்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்? இல்லத்தை மூடிவிட்டு மிஞ்சிய குழந்தைகளைத் தோனாவூருக்கே கொண்டுவந்தார்கள். சேவை வரலாறுகளில் பிழைத்த கணக்கு மட்டுமே எழுதுவது வழக்கம். பிழைக்காத கணக்கையும் எழுதினால்தான் வேலையின் பாரம் தெரியும்.

1907-ல் இங்கிலாந்தின் யார்க்ஷயரிலிருந்து மேபல் வேட் என்ற பயிற்சி பெற்ற நர்ஸ் வந்து சேர்ந்தார். அன்பால் மட்டுமே நடந்துகொண்டிருந்த வேலைக்கு நர்சிங் படிப்பின் ஒழுங்கும் வந்து சேர்ந்தது. அன்பு மட்டும் போதும் என்று சொல்பவர்களும், படிப்பு மட்டும் போதும் என்று சொல்பவர்களும் இந்த இடத்தில் சற்று நிற்கவேண்டும். பொன்னம்மாளின் கண்விழிப்பும் மேபல் வேட்டின் பயிற்சியும் இரண்டும் சேர்ந்துதான் தொட்டில்களைக் காப்பாற்றின.

பொன்னம்மாளைப் புற்றுநோய் தாக்கியது. 1915-ல் மறைந்தார். 1918-ல் ஏமி அவருடைய வாழ்க்கையைத் தனி நூலாகவே எழுதினார். முத்துக்குளிப்பில் கயிறு பிடிப்பவனைப் பற்றிச் சொன்னேனே, அந்த இடம்தான் இவருக்கு. அந்த நூல் இல்லாவிட்டால் இவர் பெயரும் இன்று நமக்குத் தெரிந்திருக்காது.

1918-லிருந்து ஆண் குழந்தைகளையும் ஏற்றார்கள். 1919-ல் அரசாங்கம் ‘கெய்சர்-இ-ஹிந்த்’ பதக்கம் அறிவித்தது. ஏமிக்கு அதில் விருப்பமில்லை. பதக்கம் தரும் விழாவுக்குப் போகவும் இல்லை. அங்கே வேலை செய்தவர்களுக்குச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. பணம் கேட்டு யாரிடமும் மனுப்போடுவதும் கிடையாது. 1927-ல் தோனாவூர் ஐக்கியம் தனி அமைப்பாகப் பதிவானது. மருத்துவமனையும் எழுந்து, சுற்றுப்பட்டி மக்கள் எல்லாருக்கும் வைத்தியம் நடந்தது.

இதே காலத்தில் இதே மாதிரி வேறு இடங்களிலும் நடந்துகொண்டிருந்தது. கொரியாவின் குவாங்ஜு நகரத்துக்கு 1912-ல் போன எலிசபெத் ஷெப்பிங் என்ற பிரஸ்பிட்டேரியன் மிஷன் நர்ஸ், அனாதைப் பிள்ளைகளைத் தத்தெடுத்து வளர்த்து, 1923-ல் கொரிய நர்சுகளுக்கு ஒரு சங்கத்தையும் உண்டாக்கி, 1934-ல் அங்கேயே இறந்தார். சென்னை ராயபுரத்தில் ஸ்காட்லாந்துப் பிரஸ்பிட்டேரியன் டாக்டர் மட்டில்டா மாக்ஃபெயில் முயற்சியால் 1914-ல் ரெயினி மருத்துவமனை திறந்தது.

நர்ஸ் நோயாளியானபோது

1931 அக்டோபர் 24. களக்காட்டில் மருந்தகம் வைப்பதற்காகப் பிடித்திருந்த வீட்டைப் பார்க்கப் போன ஏமி, மாலை இருட்டில் அங்கே தோண்டியிருந்த குழியில் விழுந்தார். கால் முறிந்தது. நெய்யூருக்குக் கொண்டுபோனார்கள். எவரெஸ்ட் ஏறப்போன குழுக்களில் 1922-லும் 1924-லும் இருந்த டாக்டர் சாமர்வெல் அப்போது அங்கே வைத்தியர். என்ன வைத்தியம் பார்த்தும் பழைய நடமாட்டம் திரும்பவில்லை. அடுத்த இருபது வருடங்களில் பெரும்பகுதி அந்த ஒரு அறைக்குள்ளேயே கழிந்தது.

அவரைப் பார்த்துக்கொண்டவர்கள் யார்? அவர் தொட்டிலில் போட்டு வளர்த்த பிள்ளைகள். படுக்கையில் இருந்தபடியே நூல்கள் எழுதினார். நோயாளிகளுக்காக ஒரு நோயாளி எழுதிய கடிதங்களாக 1933-ல் ஒரு நூலே வந்தது. தமக்குப் பின் பொறுப்பேற்பார் என்று நம்பியிருந்த அருளை 1939-ல் இறந்தபோதும் அவர் படுக்கையில்தான் இருந்தார். 1951 ஜனவரி 18 அன்று, எண்பத்து மூன்றாம் வயதில் காலமானார். கல்லறைக் கல் வேண்டாம் என்பது அவர் விருப்பம். பிள்ளைகள் பறவைகள் நீர் குடிக்கும் ஒரு கல்தொட்டியை வைத்து, தாயைக் குறிக்கும் ஒற்றைச் சொல்லை மட்டும் பொறித்தார்கள்.

எப்படி எடைபோடுவது?

வரலாற்றுத் துறையில் படித்தவன் என்ற முறையில் சில விஷயங்களைச் சொல்லாமல் முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒன்று. 1906-ல் வ.உ.சி. தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, 1908 மார்ச்சில் கைதானபோது, நெல்லைச் சீமையே கொந்தளித்தது. அதே வருடங்களில்தான் அதே சீமையில் இந்தத் தொட்டில் வேலையும் நடந்தது. இரண்டும் வேறு வேறு உலகங்கள் போல நகர்ந்தன. வெள்ளையர் ஆட்சி என்ற நிழலில்தான் மிஷன்கள் வேலை செய்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. பிள்ளைகளைச் சேர்ப்பதோடு மதமும் சேர்ந்தே வந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அங்கே வளர்ந்த பிள்ளைகள் பிறந்த வீட்டுத் தொடர்பை இழந்தார்கள் என்பதும் ஒரு இழப்புத்தான்.

இரண்டு. பொட்டுக் கட்டும் வழக்கத்தை முடித்துவைத்தது வெளிநாட்டார் அல்ல. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912-ல் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டசபைக்குள் போராடினார். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936-ல் நாவல் எழுதியும், மேடை ஏறியும் போராடினார். 1947-ல் சட்டம் வந்தது. அந்த மரபிலிருந்த இசையும் நாட்டியமும் எத்தகைய செல்வம் என்பதையும், சட்டத்தால் பிழைப்பை இழந்த பெண்களும் இருந்தார்கள் என்பதையும் இன்றைய ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டுகிறார்கள். அதையும் நாம் கேட்கத்தான் வேண்டும்.

ஆனால் மூன்றாவது ஒன்று உண்டு. சட்டம் வருவதற்கு நாற்பத்தாறு வருடங்களுக்கு முன், சூடு வைத்த கையோடு ஒரு ஏழு வயதுப் பிள்ளை வாசலில் வந்து நின்றாள். அப்போது அவளுக்கு வேண்டியது தத்துவம் அல்ல, ஒரு மடி. அந்த மடி கிடைத்தது. இந்தக் கணக்கை எந்த விமரிசனமும் அழித்துவிட முடியாது என்பது என் தாழ்மையான கருத்து.

தம்பி தங்கையருக்கு

தமிழ்நாட்டிலிருந்து எத்தனையோ செவிலியர் இன்று வளைகுடா நாடுகளுக்கும் இங்கிலாந்துக்கும் போய் வேலை பார்க்கிறார்கள். ஒரு காலத்தில் அங்கிருந்து இங்கே வந்த கப்பல் வழி இப்போது இங்கிருந்து அங்கே போகிற விமான வழி ஆகிவிட்டது. அந்நிய மண்ணில் அந்நிய மொழியில் ஒரு முதியவருக்கு மருந்து ஊட்டும் நம் வீட்டுப் பெண்ணின் கதையும் ஒரு நாள் யாராவது எழுதவேண்டிய வரலாறுதான்.

1961-க்குப் பிறகு நம் கடலில் பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை. குளித்தவர்களும் கயிறு பிடித்தவர்களும் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துகொண்டிருக்கிறார்கள். அதேபோலத்தான் பழைய மருத்துவச்சிகளும், மிஷன் ஆஸ்பத்திரி ஆயாக்களும், காலரா நாட்களில் கஞ்சி காய்ச்சி ஊற்றியவர்களும். பதக்கப் பட்டியல்களிலும் ஆண்டறிக்கைகளிலும் இவர்கள் பெயர் இருக்காது. பொன்னம்மாளுக்கு ஒரு ஏமி இருந்தார், எழுதிவைத்தார். மற்றவர்களுக்கு யார்? இந்த விடுமுறையில் ஒரு நோட்டுப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு உங்கள் தெருவிலுள்ள மூத்த பாட்டியிடம் உட்காருங்கள். ‘பாட்டி, உங்களுக்குப் பேறுகாலம் பார்த்தது யாரு?’ என்று கேளுங்கள். அவர் சொல்லும் முதல் பெயரைத் தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த சந்திப்பு மலருக்கு அந்தப் பக்கத்தை நீங்கள் எழுதவேண்டும் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

– வரலாற்றுத் துறை முன்னாள் மாணவர்